புல எண் காட்டும் குடிவழி

நெய்வேலி நகரியத்திலும் அதனைச் சுற்றிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் ஊர்கள் இன்று நிலத்தின்மேல் இல்லை. 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சுரங்கப்பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். மேல்மண் அகற்றப்பட்டபோது வயலும் வரப்பும் கிணறும் களத்துமேடும் உடன் அகன்றன. பாட்டனார் வீடிருந்த இடத்தைச் சுட்டிக்காட்டவும் பெயரர்க்கு இயலாது. அவ்வூரைத் தேடுவதற்கு எஞ்சியிருப்பவை வருவாய்த்துறை ஏடுகளே.

சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலவிய இரயத்துவாரி முறையில் அரசு, உழவரிடமே நேராக நிலவரி பெற்றது. எனவே ஒவ்வொரு நிலத்தையும் அளந்து, புல எண் இட்டு, உரியவர் பெயரை எழுதவேண்டியதாயிற்று. பட்டாவில் ஒருவர் பெயருக்குமுன் தந்தை பெயரும் நிற்கும். மகனிலிருந்து தந்தைக்கும், தந்தையிலிருந்து பாட்டனுக்கும் ஏறிச்செல்ல இவ்வரியே படியாகும்.

இப்படியில் ஒரு வழுக்கலும் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவியது. ஆதலால் முருகேசன் மகன் கோவிந்தன், கோவிந்தன் மகன் முருகேசன் என ஒரே இரு பெயர்கள் மாறிமாறி வரக்கூடும். பெயரை மட்டும் நம்புவோர் பாட்டனையும் பெயரனையும் ஒருவராகவே எண்ணிவிடுவர். ஏட்டின் ஆண்டையும் புல எண்ணையும் சேர்த்து நோக்கினால்தான் இம்மயக்கம் தெளியும்.

நெய்வேலியைப் பொறுத்தவரை தனிச்சிறப்புடையது நிலம் எடுப்புத் தீர்வமாகும். 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி, எடுக்கப்பட்ட நிலத்தின் பரப்பையும் இழப்பீட்டையும் அதனைப் பெறுவோர்க்குரிய பங்கையும் அதில் குறித்தல் வேண்டும். உடன்பிறந்தோர் பங்குகள் அதில் இடம்பெற்றிருப்பின், குடும்பம் கிளைத்த வகை புலப்படும். நிலத்தில் நின்ற மரங்களும் மதிப்பிடப்பட்டன. ஊர் மறைந்தபின் ஒரு புளியமரத்தின் நினைவு அரசின் கணக்கில் மட்டும் எஞ்சுவது வியப்பே!

தேடலை வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய பட்டாவிலிருந்தோ இழப்பீட்டுச் சீட்டிலிருந்தோ தொடங்குதல் நன்று. ஊர்ப்பெயரும் புல எண்ணும் கிடைத்தபின் வட்டாட்சியர் அலுவலகத்தையும், கைமாறிய நிலமாயின் வில்லங்கச் சான்றுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தையும் நாடலாம். மிகப் பழைய ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம் உண்டு. பழைய தாள்களில் மாவட்டம் 'தென்னார்க்காடு' என்றே இருக்கும். அது 1993இல் பிரிக்கப்பட்டது. வட்ட எல்லைகளும் மாறியுள்ளமையால், இன்றைய வட்டத்தின் பெயரைக்கொண்டு மட்டும் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

எனினும், நிலவரி ஏடு நிலமுடையாரின் ஏடு. அவ்வயல்களில் நாற்று நட்ட பெண்களும், கூலிக்கு ஏரோட்டியவர்களும் அதில் இடம்பெறார். அவர்தம் வழிவந்தோர் பிறப்பு, இறப்புப் பதிவேட்டையும், தொடக்கப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும், பழைய வாக்காளர் பட்டியலையும் துணைக்கொள்ளுதல் வேண்டும். அவற்றிலும் காணப்பெறாதவர்களின் பெயர்களை ஊர் முதியோரிடம் கேட்டு, சொன்னவர் பெயரும் நாளும் குறித்து, இப்பொழுதே எழுதிவைக்கலாம்.