பதினெட்டு ஆண்டுக் கணக்கு

உலகில் பகை பல வகைப்படும். வரப்புக்காக வருவது ஒன்று. வாய்க்கால் நீருக்காக வருவது ஒன்று. பதவிக்காக வருவது மற்றொன்று. மல்லர்களுக்குள் வரும் பகையோ இவற்றிலெல்லாம் சேராத தனி இனம். மற்றவர்கள் பகைவனைக் கண்டால் விலகிப் போவார்கள். மல்லன் தன் பகைவனைக் கட்டிப் பிடித்தாக வேண்டும்! மார்போடு மார்பு மோத, மூச்சோடு மூச்சு கலக்கத்தான் அந்தப் பகை தீரும்.

போட்டி நடந்து ஒருவன் வென்றுவிட்டால் கணக்கு முடிந்தது. முடிவே இல்லாமல் நின்றுவிட்டால்? அது உள்ளங்காலில் ஏறிய முள்ளைப்போல் ஆண்டுக்கணக்கில் உறுத்திக்கொண்டிருக்கும். தலை நரைத்து, மூட்டு வலி எடுத்து, ஓய்வு பெறும் வயது வந்த பிறகும் உறுத்தும். ஜப்பான் நாட்டு மற்போர் ரசிகர்களுக்கு முதுபெரும் மல்லரின் இறுதிப் போட்டி என்றால் தனி மதிப்பு உண்டு. 2015 நவம்பர் 15 அன்று டோக்கியோவின் ரியோகோகு அரங்கில், 65 வயது டென்ரியூ, 28 வயது ஒகாடாவிடம் தோற்று மேடையை விட்டு விடைபெற்றார். தோற்றவரை வாழ்த்துவதற்கென்றே கூட்டம் வந்திருந்தது.

இத்தகைய முதுமைக் காலப் பழம்போர் ஒன்று நம் நாட்டு மண்ணிலும் நடந்தது. லண்டனில் 1910இல் தொடங்கிய அது, பாட்டியாலாவில் 1928இல் முடிந்தது. ஒருவர் காமா, மற்றவர் போலந்து நாட்டு ஸ்பிஷ்கோ. அந்த வரலாற்றையும் அதற்குள் இருக்கும் மற்போர் நுட்பத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு இது புதிதா?

மற்போர் வடநாட்டார் கலை என்று சிலர் எண்ணுகிறார்கள். புறநானூற்றைப் புரட்டினால் அந்த எண்ணம் மறையும். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றான். அவனைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடினார்கள். அங்கும் வெறும் வெற்றி மட்டும் பொருளாகவில்லை. தந்தை தித்தனோடு பிணங்கிப் பிரிந்து நின்றவன் அந்த இளவரசன். அவன் மல்லனை மடக்கிய காட்சியைத் தித்தன் காண வேண்டும் என்று புலவர் ஏங்குகிறார். மற்போர்க் களத்தில் உடல்கள் மட்டும் மோதுவதில்லை என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கண்டிருந்தனர்.

பல்லவன் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்ற பெயரால் விளங்கினான். அவன் பெயரால் ஓர் ஊரே நிற்கிறது. ஆலுவாவில் படிக்கும் நமக்கோ இன்னும் அருகிலேயே சான்று உண்டு. மட்டாஞ்சேரியும் கொச்சிக் கோட்டைப் பகுதியும் கட்டா குஸ்திக்குப் பேர்போன இடங்கள். தாரா சிங்கைத் தாரா சிங்காகவே நடிக்க வைத்து 1985இல் 'முத்தாரங்குந்நு பி.ஓ.' என்ற மலையாளப் படம் வந்தது என்றால், பயில்வான்களிடம் இந்த நாட்டாருக்கு இருந்த பற்றை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

தோல்வி என்பது எது?

கதைக்குப் போகுமுன் ஒரு விதியைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டுக் குஸ்தியில் எதிரியை மல்லாக்கத் தள்ளி, இரு தோள்களும் மண்ணில் படும்படி செய்தால் வெற்றி. மேல்நாட்டில் அக்காலத்தில் வழங்கிய 'கேட்ச்' மற்போரிலும் இரு தோள்களையும் விரிப்பில் அழுத்திப் பிடிப்பதே முதன்மையான வெற்றி. ஆகவே கீழே விழுவது மட்டும் தோல்வியாகாது. குப்புற விழுந்தவன் தோற்றவன் அல்லன். அவனைப் புரட்ட வேண்டும். புரட்டி மல்லாக்க வேண்டும். 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று நாம் கேலி பேசுகிறோம். மற்போர் விதிப்படி பார்த்தால், குப்புற விழுந்தவன் மீசையில் மண் ஒட்டினாலும் அவன் தோற்கவில்லை!

இந்தச் சிறு விதிதான் பதினெட்டு ஆண்டுப் பகைக்கு வித்திட்டது.

லண்டன், 1910

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது. அமிர்தசரஸ் வட்டாரத்தில் பரம்பரை மல்லர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, தாய்வழி உறவினரிடம் குஸ்தி பயின்றார். பத்து வயதிலேயே ஜோத்பூரில் நடந்த பஸ்கிப் போட்டியில் பெரிய பயில்வான்களோடு நின்று மன்னரின் கண்ணில் பட்டார். பின்னர் தத்தியா சமஸ்தானம் அவரை ஆதரித்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவர் என்பர். உயரம் மட்டும் ஐந்தே முக்கால் அடிக்கும் குறைவு.

அந்த உயரமே லண்டனில் அவருக்கு இடையூறாயிற்று. 1910இல் தம்பி இமாம் பக்சுடன் அங்கே போய் இறங்கியபோது, குள்ளமானவர் என்று சொல்லிப் போட்டியில் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. எத்தனை எடையுள்ளவராயினும் சரி, மூவரை முப்பது நிமிடத்தில் வீழ்த்துவேன் என்று அறைகூவல் விடுத்தார். அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். முதல் முறை ஒரு நிமிடம் 40 வினாடியில் ரோலர் மல்லாந்தார். அடுத்த முறை பத்து நிமிடத்துக்குள் மீண்டும் மல்லாந்தார். தம்பி இமாம் பக்சு சுவிட்சர்லாந்து வீரர் ஜான் லெம்மை வீழ்த்தினார். லண்டன் நிமிர்ந்து உட்கார்ந்தது.

செப்டம்பர் 10 அன்று, ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானத்தில், 250 பவுன் பரிசுக்கும் 'ஜான் புல்' கச்சைக்கும் காமாவும் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவும் எதிர்நின்றார்கள். ஸ்பிஷ்கோ ஐரோப்பாவின் தலைசிறந்த மல்லர்களுள் ஒருவர். காமாவைவிட எடை மிகுந்தவர். போட்டி தொடங்கிய சிறிது நேரத்தில் காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். அடுத்து நடந்ததுதான் விந்தை. ஸ்பிஷ்கோ குப்புறப் படுத்தார். படுத்தவர் எழவில்லை. பாறையைப்போல் விரிப்போடு ஒட்டிக்கொண்டார். காமா இழுத்தார், நெம்பினார், புரட்டப் பார்த்தார். 2 மணி 35 நிமிடம் இந்தப் போராட்டம் நீடித்தது. இறுதியில் வெற்றி தோல்வியின்றி முடிந்ததாக அறிவித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17 அன்று மறுபோட்டி என்று முடிவாயிற்று. காமா வந்தார், ஸ்பிஷ்கோ வரவில்லை. பரிசும் கச்சையும் காமாவுக்கே கிடைத்தன.

பரிசு வந்துவிட்டது, பிறகு என்ன குறை என்று கேட்கலாம். மல்லனுக்கு வராத எதிரியிடம் பெற்ற வெற்றி, உண்ணாத விருந்துக்குச் சமம். அத்துடன் அக்காலச் சூழலையும் எண்ண வேண்டும். ஆளப்படும் நாட்டிலிருந்து வந்த ஒருவர், ஆளும் நாட்டின் தலைநகரில், வெள்ளை மல்லர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். புகழ்பெற்ற பலர் வரவே இல்லை. வந்தவர்களுள் பெரியவரோ தரையைப் பிடித்துக்கொண்டு தப்பினார். காமா இந்தியா திரும்பியபோது கையில் கச்சை இருந்தது. கணக்கு மட்டும் முடியவில்லை.

இடையில் கழிந்த ஆண்டுகள்

நேர்மையாகப் பேசினால் ஸ்பிஷ்கோவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் கோழை அல்லர். தம்மினும் விரைவு மிக்கவனிடம் விதி இடங்கொடுத்த அரணுக்குள் புகுந்துகொண்டார். இரண்டரை மணி நேரம் புரட்டப்படாமல் கிடப்பதும் எளிய காரியமன்று. ஆனாலும் அந்தப் படுக்கை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முதல் உலகப் போர் வந்து போயிற்று. ஸ்பிஷ்கோ அமெரிக்கா சென்று, 1921இல் எட் லூயிஸை வென்று உலகப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அதை அவரிடமே இழந்தார். அந்நாளில் அமெரிக்க மற்போர் மெல்ல மெல்ல நாடகமாக மாறிக்கொண்டிருந்தது. யார் வெல்வது என்பதை முதலாளிகள் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். கால்பந்து வீரராயிருந்த வேய்ன் மன் என்பவரைச் சாம்பியனாக்கி, அவரிடம் தோற்பதற்கென்று ஸ்பிஷ்கோவை ஏற்பாடு செய்தார்கள். 1925 ஏப்ரல் 15 அன்று பிலடெல்பியாவில் கிழவர் திடீரென்று நாடகத்தைக் கலைத்தார். மெய்யாகவே மற்போர் புரிந்து, மன்னை மீண்டும் மீண்டும் மல்லாக்கிப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். முதலாளிகள் திகைத்தார்கள். நாற்பத்தைந்தை ஒட்டிய வயதிலும் அவரிடம் மெய்யான வித்தை குன்றவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இங்கே காமாவுக்கோ எதிர்ப்பார் குறைந்துகொண்டே வந்தனர். ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள ரகீம் பக்சு சுல்தானிவாலாவை அலகாபாத்தில் வென்று 'ருஸ்தமே ஹிந்த்' எனப் பெயர் பெற்றார். அதன்பின் அவரோடு கோதாவில் இறங்கத் துணிந்தவர் சிலரே.

பாட்டியாலா, 1928

பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் விளையாட்டுப் பித்தர். அவருடைய ஆதரவில், 1928 ஜனவரியில், பழைய எதிரிகள் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். இருவரும் ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தனர். பல்லாயிரம் மக்கள் கூடினர். காலையிலிருந்து மாலை வரை நடக்கும் போராட்டத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் பலர் இருந்திருப்பர். லண்டன் போட்டியை அறிந்தவர்கள் வேறு எதை எதிர்பார்ப்பார்கள்?

கைகலந்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பிஷ்கோ மல்லாந்து கிடந்தார்!

இரண்டரை மணி நேரத்தில் முடியாதது எப்படி ஒரு நிமிடத்தில் முடிந்தது? இதற்கு விளக்கம் கடினமன்று. லண்டனில் காமா அவரைக் கீழே கொண்டுவந்தபோது, ஸ்பிஷ்கோ குப்புற விழுந்தார். அதன்பின் அரண் அமைக்க நேரம் கிடைத்தது. பாட்டியாலாவில் விழும்போதே முதுகு மண்ணை நோக்கியிருந்தது. அரணுக்குள் புகுமுன்பே கதவு சாத்தப்பட்டுவிட்டது. மேலும், அங்கே விரிப்பு. இங்கே பண்படுத்திய மண். அது காமா பிறந்து வளர்ந்த மண். முதுமை இருவருக்கும் வந்தது உண்மையே.  ஆனால் பயின்று பயின்று உடலில் ஊறிய முதல் பாய்ச்சல் காமாவிடம் அன்றும் குன்றவில்லை. ஸ்பிஷ்கோவின் படைக்கலம் தாங்குவது. காமாவின் படைக்கலம் பாய்வது.

இதனால் 1910இல் யார் சிறந்தவர் என்பது முடிவாயிற்றா? கண்டிப்பாகப் பேசினால் இல்லை. ஐம்பது வயதில் நடந்த போட்டி முப்பது வயதுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. இன்னொன்று மட்டும் தீர்ந்தது. அன்று வராதவர் இன்று வந்தார். அமெரிக்க மேடைகளில் உலகப் பட்டம் கண்டவர், தோற்றால் போகும் பெயரையும் பொருட்படுத்தாமல், கடல் கடந்து எதிரியின் மண்ணுக்கே வந்து நின்றார். செப்டம்பர் 17இன் வெற்றிடம் அன்றுதான் நிரம்பியது. வென்றவருக்கு வெற்றி கிடைத்தது. தோற்றவருக்கு மானம் திரும்பியது. ஒரே போட்டியில் இருவர் கடனும் அடைந்ததை வேறெங்கே காண்போம்?

பின்கதை இரண்டு

1950இல் 'நைட் அண்ட் தி சிட்டி' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. கதை நடக்கும் ஊர் லண்டன். அதில் கிரிகோரியஸ் என்ற முதிய மல்லர் வருகிறார். நாடக மற்போரை வெறுத்து, பழைய மெய்ம் மற்போரின் மானத்துக்காகத் தம்மினும் இளைய மல்லனோடு மோதி, வென்று, களைத்து, மகனின் கைகளில் உயிர்விடுகிறார். அந்தக் கிழவராக நடித்தவர் ஸ்பிஷ்கோவே! நாற்பது ஆண்டுகளுக்கு முன் எந்த நகரில் மறுபோட்டிக்கு வராமல் போனாரோ, அந்த நகரின் கதையில், போரிலிருந்து பின்வாங்காத கிழவராக அவர் திரையில் நின்றார். 1967இல் அமெரிக்காவில் மறைந்தார்.

காமா நாட்டுப் பிரிவினைக்குப்பின் லாகூரில் வாழ்ந்தார். கலவர நாட்களில் தம் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களுக்குக் காவலாய் நின்றார் என்பது அவர் புகழில் மல்லாக்க முடியாத பகுதி. நோயிலும் வறுமையிலும் கடைசி நாட்கள் கழிந்தன. 1960 மே 23 அன்று மறைந்தார். அவர் பயன்படுத்திய 95 கிலோ வளையக் கல் பாட்டியாலா விளையாட்டுக் கழகத்தின் காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

ஜப்பானுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1976இல் கராச்சியில், நாற்பதைக் கடந்த அக்ரம் பயில்வான், ஜப்பானிய வீரர் அந்தோனியோ இனோக்கியை எதிர்த்தார். அக்ரம், இமாம் பக்சின் மகன். இனோக்கியின் பூட்டில் அக்ரமின் கை முறிந்தது. குடும்பம் கொதித்தது. 1979இல் லாகூரில், இருபது வயது நிரம்பாத ஜாரா என்ற இளைஞர் சிற்றப்பனுக்காகக் களம் இறங்கினார். ஐந்து சுற்றுகள் நடந்தன. இனோக்கியால் அவரை அடக்க முடியவில்லை. முடிவில் இனோக்கி தாமே ஜாராவின் கையைப் பிடித்து உயர்த்தினார். பின்னாளில் அதே குடும்பத்துச் சிறுவன் ஒருவனை ஜப்பானில் பயிற்றுவிக்கவும் ஏற்பாடு செய்தார். இனோக்கி 2022இல் மறைந்தபோது அந்தப் பழம்பகையில் ஒரு துளியும் மீதமில்லை.

நண்பர்களே! விட்டுப்போன தேர்வு, பேசாமல் பிரிந்த நட்பு, சொல்லாமல் விட்ட மன்னிப்பு என நம் ஒவ்வொருவரிடமும் ஒரு செப்டம்பர் 17 இருக்கும். போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்த நாள் அது. ஸ்பிஷ்கோ பதினெட்டு ஆண்டு கழித்துப் போனார். போனதும் தோற்றார். போகாமலே இருந்திருந்தால் தோற்றிருக்க மாட்டார். வந்துவிட்டார் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்திருக்காது.