சங்கு கேட்கும் தூரம்

ஆவடி ஹெச்.வி.எஃப். எஸ்டேட்டில், ஆளில்லாத ஒரு குவார்ட்டர்ஸ் முன்னால் போய் நின்றார் பெரியப்பா. உடைந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "கொக்கி அப்படியே இருக்குடா" என்றார்.

முன்னறைக் கூரையில் ஃபேன் மாட்டுவதற்காக வைத்த இரும்புக் கொக்கி. ஃபேன் வாங்கக் காசு சேருவதற்குள் பெரியம்மாவின் பழைய புடவை அதில் ஏறிவிட்டது. மூன்று பிள்ளைகளும் அந்தத் தூளியில் தூங்கியவர்கள்தான். இவர்களுக்குப் பிறகு குடிவந்த வீட்டுக் குழந்தையும் அதே கொக்கியில்தான் ஆடியிருக்கும். சுவரில் வெள்ளைக்கு மேல் வெள்ளை அடித்து எல்லார் வீட்டுக் கிறுக்கலும் மறைந்துவிட்டது. கொக்கி மட்டும் பாக்கி.

ஆவடி என்றதும் பலருக்கு நினைவு வருவது 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாடும், சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானமும்தான். ஊரின் முகத்தை மாற்றியது அதற்குப் பின்னால் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, அதாவது ஹெச்.வி.எஃப். 1961இல் தொடங்கிய அந்த ஆலையிலிருந்து 1965 டிசம்பர் கடைசியில் முதல் விஜயந்தா டாங்க் வெளியே உருண்டது. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். பக்கத்திலேயே ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் ஓ.சி.எஃப். ஆலை. இவற்றில் வேலை செய்ய வந்தவர்களுக்காக எழுந்ததுதான் எஸ்டேட். வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, விளையாட்டுத் திடல் எல்லாம் ஆலையின் கணக்கில். விஜயந்தா என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடமே உண்டு. அப்பா செய்த டாங்க்கின் பெயரைப் பிள்ளை சட்டைப் பையில் குத்திக்கொண்டு போன ஊர் வேறெங்கே இருக்கும்!

நேரத்தைச் சொன்னது ஆலைச் சங்கு. காலைச் சங்குக்குள் சாப்பாட்டு கேரியர் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கியாக வேண்டும். சாயங்காலச் சங்குக்கு கேட் திறந்தால் சைக்கிள் வெள்ளம். சாலையைக் கடக்க முடியாது. ஓவர்டைம் இருந்த மாதம் வீட்டில் கறி எடுப்பார்கள். டைப்-1, டைப்-2, டைப்-3 என்று வீட்டுக்கும் தரம் உண்டு. விலாசத்தைச் சொன்னாலே சம்பளம் தெரிந்துவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் "எந்த டைப்பு?" என்று கேட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியைத் தாங்கிக்கொண்டு வளர்ந்த பெண்களின் மனசு எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப் பகுதியிலும் இப்படி, வேலை கொடுத்தவரே வீடும் கொடுத்த ஊர்கள் இருந்தன. கென்டக்கி மாநிலத்தின் லிஞ்ச் என்ற ஊரை 1917 முதல் ஒரு நிலக்கரிக் கம்பெனிதான் கட்டியது. சுரங்கம், வீடு, பள்ளி, கடை எல்லாம் ஒரே முதலாளிக்குச் சொந்தம். அந்த வட்டாரத்தின் பல சுரங்க ஊர்களில் கூலியைக்கூடக் கம்பெனி அச்சடித்த டோக்கனாகக் கொடுத்தார்கள். கம்பெனிக் கடையில்தான் அது செல்லும். ஆவடித் தொழிலாளிக்கு அந்தக் கொடுமை இல்லை. ரூபாயில் சம்பளம், வலுவான சங்கங்கள், கடைசியில் பென்ஷன். ஆனால் வீட்டு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றே. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஆயுளில் பாதியைக் கழித்த வீட்டில் ஒரு செங்கல்கூடத் தனக்கில்லை.

பக்கத்து அம்பத்தூரின் வழி வேறு. அங்கே 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1964இல் தொழிற்பேட்டை வந்தது. பெரும்பாலான ஆட்கள் மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி வேலை பார்த்தவர்கள். டயர் ஆலை நின்றுபோன பிறகும் 'டன்லப்' என்றே பஸ் நிறுத்தத்தைச் சொல்கிறார்கள். ஆலைகள் அங்கே பெயர்களை விட்டுச் சென்றன. ஆவடி ஆலை வீடுகளை விட்டிருக்கிறது. அவற்றில் பல இப்போது பூட்டிக் கிடக்கின்றன. 2021 அக்டோபர் 1ஆம் தேதி நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வேலை நிறுத்தத்தைத் தடுக்க அந்த ஆண்டே சட்டமும் வந்தது. கனரக வாகனத் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். நிறுவனத்தின் கீழ் போனது. ஆலை ஓடுகிறது. காலி வீடுகளின் சுவரில் அரசமரம் வேர் விட்டிருக்கிறது.

எனக்குள்ள ஆதங்கம் இதுதான். டாங்க்கை மேடை கட்டி நிறுத்தி வைக்கத் தெரிந்த நமக்கு, அதைச் செய்தவன் வாழ்ந்த வீட்டைக் காப்பாற்றத் தோன்றவில்லை. ஆலைக்குள் கேமராவுக்கு அனுமதி கிடையாது. அதனால் பெரியப்பா முப்பத்தைந்து வருஷம் நின்ற மிஷினோடு அவருக்கு ஒரு படம்கூட இல்லை. வேலைக்கும் படமில்லை, வீட்டுக்கும் பத்திரமில்லை. லிஞ்ச் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பென்ஹாமில், பழைய கம்பெனிக் கடையையே சுரங்க அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். இங்கே ஒரே ஒரு டைப்-1 வீட்டையாவது சிமெண்டுத் தரையோடும் துவைக்கிற கல்லோடும் அப்படியே விட்டுவைக்கலாம். ஓய்வுபெற்றவர்களை உட்கார வைத்து, எந்த ஷாப்பில் என்ன செய்தீர்கள், அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். அவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

சாவியை ஒப்படைத்தவர்கள் அதிக தூரம் போகவில்லை. கோவில்பதாகை, பருத்திப்பட்டு, சேக்காடு, பட்டாபிராம் என்று சுற்றிலுமே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். பெரியப்பா மனை பார்த்த கதையைப் பெரியம்மாதான் சொன்னார். தரகர் நாலு இடம் காட்டினாராம். ஒவ்வொரு இடத்திலும் இவர் சாயங்காலம்வரை நின்றாராம். தண்ணீர் எப்படி, பட்டா இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

"சங்கு கேட்குதான்னு பார்த்தாரு" என்றார் பெரியம்மா. "நாலாவது இடத்துல கேட்டுச்சு. அன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்துட்டாரு."