கதவையும் திறக்கும், பர்சையும் திறக்கும்! டிஸ்னி உலகின் மாயக் கைப்பட்டை

கையை நீட்டினால் ஓட்டல் கதவு திறக்கிறது. கையை நீட்டினால் ராட்டினத்தில் இடம் கிடைக்கிறது. கையை நீட்டினால் சாப்பாட்டுக்குக் காசும் கட்டியாகிவிடுகிறது!

மந்திரவாதி கதை அல்ல. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் "வால்ட் டிஸ்னி வேர்ல்டு" கேளிக்கைப் பூங்காவில் தினமும் நடக்கிற சங்கதி இது.

1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்ட இடம். ஒரு பூங்கா அல்ல, 4 பெரிய பூங்காக்கள். சுற்றிலும் ஓட்டல்கள். சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதாது. குடும்பம் குடும்பமாக வந்து நாலைந்து நாள் தங்குகிறார்கள்.

இப்படி வருகிறவர்களின் மணிக்கட்டில் 2013-ம் ஆண்டு ஒரு ரப்பர் பட்டை ஏறியது. பெயர் "மேஜிக் பேண்ட்". பார்த்தால் சாதாரண கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். ஆனால் மணி காட்டாது. உள்ளே ஒரு சின்ன சில்லு, ரேடியோ அலை அனுப்பும் ஒரு துளிக் கருவி, ஒரு பொத்தான் பேட்டரி. அவ்வளவுதான்.

இந்தப் பட்டைக்கும் அதன் பின்னால் உள்ள ஏற்பாடுகளுக்கும் டிஸ்னி கம்பெனி செலவிட்டது சுமார் 100 கோடி டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

இத்தனை பணத்தைக் கொட்டிக் கட்டிவிட்ட பட்டையால் விடுமுறை இனித்ததா, கசந்ததா?

வசதி ஜோர்!

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம்.

பிள்ளைகுட்டிகளோடு ஊர் சுற்றக் கிளம்பியவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. "டிக்கெட் யார் கிட்ட இருக்கு? ரூம் சாவி எங்கே? பர்ஸைப் பத்திரமா வச்சீங்களா?" இந்த மூன்று கேள்வியிலேயே பாதி நாள் ஓடிவிடும்.

பட்டை வந்ததும் மூன்றுக்கும் ஒரே பதில், மணிக்கட்டு!

பூங்கா வாசலில் சுழலும் கம்பிக் கதவை எடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு கம்பம். அதில் மிக்கி எலியின் தலை. பட்டையை அதன் மேல் வைத்து, விரலைப் பக்கத்தில் வைத்தால் பச்சை விளக்கு. உள்ளே போகலாம். ஓட்டல் அறைக் கதவிலும் அதே கதைதான்.

குகைக்குள் ஓடும் ரயிலில் ஏறினால், நாம் வாயைப் பிளந்து கத்தும் போட்டோ தானாக நம் கணக்கில் போய்ச் சேர்கிறது. எந்தப் பெட்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பட்டையின் ரேடியோ அலை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சாப்பாட்டுக்கூடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டு எந்த மேஜையில் போய் உட்கார்ந்தாலும், தட்டு தேடி வந்த காலமும் உண்டு.

பட்டை தொலைந்தால்? சொன்னால் போதும், அதை முடக்கிவிடுவார்கள். அதில் ஒரு எண்தான் இருக்கிறது. பெயரோ, பணக் கணக்கோ அதில் எழுதியில்லை. சாவி தொலைந்தால் வருகிற வயிற்றெரிச்சல் இதில் இல்லை.

இந்த வரைக்கும் பலே!

கியூ குறைந்ததா?

இனிதான் வில்லங்கம்.

கேளிக்கைப் பூங்காவில் பெரிய தலைவலி கியூ. 1999-ம் ஆண்டிலேயே அதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள மிஷினில் சீட்டு வாங்கினால், "இத்தனை மணிக்கு வா" என்று நேரம் போட்டிருக்கும். அந்த நேரத்துக்குப் போனால் குறுக்கு வழியில் ஏறிவிடலாம். காசு கிடையாது.

பட்டை வந்ததும் காகிதச் சீட்டு போயிற்று. முன்பதிவு வந்தது. பூங்காவின் ஓட்டலில் தங்குகிறவர்கள் 60 நாள் முன்னதாகவே, "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த ராட்டினம்" என்று நாளைக்கு மூன்று இடம் பிடித்து வைக்கலாம். மற்றவர்களுக்கு 30 நாள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் கழித்து வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளை யானை ராட்டினம் ஏறப் பிரியப்படுமா, ஐஸ்கிரீம் கேட்டு அழுமா என்று யாருக்குத் தெரியும்?

ஆபீசிலே டைம்டேபிள் பார்த்து அலுத்துப் போய் லீவு போட்டு வந்தால், இங்கேயும் டைம்டேபிள்!

இன்னொரு கணக்கும் உண்டு. பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு ராட்டினத்தில் மணிக்கு 1,000 பேர் ஏறலாம். அதில் 700 இடம் முன்பதிவுக்குப் போய்விட்டது. மீதி 300. வெயிலில் நிற்பவர்கள் 600 பேர் என்றால், கடைசி ஆளுக்கு 2 மணி நேரம் காத்திருப்பு. பட்டையால் ராட்டினத்தில் ஒரு நாற்காலிகூடக் கூடவில்லை. யார் முதலில், யார் பிறகு என்பதுதான் மாறியது.

காசு வந்தது, இலவசம் போனது

2020-ம் ஆண்டு கொரோனாவில் பூங்கா மூடியது. திறந்தபோது நிலவரமே வேறு.

ஓட்டலில் தங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பட்டை, 2021-ம் ஆண்டுத் தொடக்கத்தோடு நின்றது. இலவச முன்பதிவும் அதே ஆண்டு போயிற்று. குறுக்கு வழியில் போக வேண்டுமா? ஆளுக்கு, நாளுக்கு 15 டாலர் என்று 2021 அக்டோபரில் கட்டணம் வந்தது. கியூவே இல்லாமல் போக ஆசைப்படுகிறவர்களுக்கு 2024-ம் ஆண்டு இறுதியில் இன்னொரு சீட்டு வந்தது. கூட்டமான நாளில் ஆளுக்கு 400 டாலருக்கும் மேல்!

2022-ம் ஆண்டு புதுப் பட்டை வந்தது. விலை சுமார் 35 டாலரில் ஆரம்பம். வாணவேடிக்கை நேரத்தில் மினுமினுக்கும், அதிரும். கிட்டே போய்க் கையை ஆட்டினால் சிலை பேசும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அப்பாவுக்குத்தான் வேலை. ராத்திரி ஓட்டலுக்கு வந்ததும் போனோடு சேர்த்து இதற்கும் சார்ஜ் போட வேண்டும்.

கையை நீட்டிக் காசு கட்டுவதிலும் கவனம் வேண்டும். ஓட்டலில் தங்குகிறவர்களின் பட்டையை கிரெடிட் கார்டோடு இணைத்துவிடலாம். பர்ஸைத் திறந்து நோட்டை எண்ணிக் கொடுத்தால் மனசு ஒரு நிமிஷம் "வேணுமா?" என்று கேட்கும். கையை நீட்டும்போது அந்தக் கேள்வி வருவதில்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில் பில்லைப் பார்த்த பிறகுதான் தலை சுற்றும்.

யார் பார்க்கிறார்கள்?

பட்டை நம்மை எங்கும் அழைத்துப் போகிறது. நாம் எங்கே போகிறோம் என்பதையும் அது சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கே கூட்டம், எங்கே காலி என்று கம்பெனிக்குத் தெரிகிறது. அதை வைத்துக் கூட்டம் சேரும் இடத்துக்கு ஆட்களை அனுப்பலாம். அது நமக்கும் நல்லதுதான்.

ஆனால் குழந்தைகளைப் பற்றிய தகவலும் சேருமே? இந்தக் கேள்வியை 2013 ஜனவரியிலேயே எழுப்பியவர் எட்வர்டு மார்க்கி. அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். டிஸ்னி தலைவர் பாப் ஐகருக்கு நேராகக் கடிதம் எழுதினார். பட்டை கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர்கள் கட்டிக்கொள்ளலாம் என்று ஐகர் காரமாகவே பதில் அனுப்பினார்.

பக்கத்துப் பூங்காவில்...

அதே ஆர்லாண்டோவில் யுனிவர்சல் கம்பெனி 2017 மே மாதம் "வல்கேனோ பே" என்ற தண்ணீர்ப் பூங்காவைத் திறந்தது. அங்கேயும் ஒரு பட்டை. பெயர் "டாபுடாபு". டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள், போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சறுக்கு வாசலில் பட்டையைத் தட்டினால் இடம் பதிவாகிவிடும். நம் முறை வந்ததும் பட்டை கூப்பிடும். அதுவரை குளத்தில் மிதக்கலாம். கியூவில் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போவது மாதிரிதான்! நீச்சல் உடையில் பர்ஸ் வைக்கப் பாக்கெட் ஏது? போனை நனைக்கத்தான் முடியுமா? இங்கே பட்டை கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சறுக்குக்குத்தான் இடம் பிடிக்கலாம். திறந்த புதிதில் மணிக்கணக்காகக் காத்திருப்பு காட்டியதும் உண்டு. நிற்கிற கியூ போய், மிதக்கிற கியூ வந்தது. கியூ என்னவோ கியூதான்!

கட்டலாமா, வேண்டாமா?

சாவியாக மட்டும் வைத்துக்கொண்டால் பட்டை சுகம். பர்ஸாக வைத்துக்கொண்டால் கவனம். பிள்ளைகள் பட்டையில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே நிறுத்திவிடலாம். தினம் ராத்திரி செலவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுக்கலாம்.

காசு கொடுத்துக் குறுக்கு வழி வாங்குவதென்றால் பிள்ளை ரொம்ப ஆசைப்படும் ஓரிரு ராட்டினத்துக்கு நேரம் பிடித்தால் போதும். மீதி நேரத்தைக் காலியாக விடுவது நல்லது. வழியில் மிக்கி வேஷம் போட்டவர் வந்தால், பிள்ளை அவரோடு நின்று சிரிக்கவும் நேரம் வேண்டாமா?

பட்டை இல்லாமலும் அங்கே காரியம் நடக்கும். 2021-ம் ஆண்டு முதல் போனைக் காட்டியும் உள்ளே போகலாம். ஆனால் போனைக் கையில் எடுத்தால் அடுத்த ராட்டினத்துக்கு எத்தனை நிமிஷம் என்றுதான் கண் போகும். பக்கத்தில் பிள்ளை "அப்பா, அங்கே பாருங்க!" என்று கத்துவது காதில் விழாது.

அந்த ஒரு விஷயத்தில் பட்டை தேவலை. அதற்குத் திரை கிடையாது!