மொட்டைமாடி சோலார்: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் விருத்தாசலத்தில் ராத்திரியிலும் அனல் தணிவதில்லை. ஏசி போடாமல் குழந்தைகளும் வயதானவர்களும் கண் மூட முடியாது. அந்த வெயில் காலம் முடிந்து ரீடிங் எடுக்க வருபவர் ஒரு தொகையைச் சொல்வார். பல வீடுகளில் சோலார் பேச்சு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. சுற்றுச்சூழல் அக்கறையும் மின்வெட்டுத் தொல்லையும் காரணங்களில் உண்டு. ஆனால் குடும்பங்களைத் தள்ளும் முதல் காரணம் கரண்ட் பில்தான். அதனால் முடிவையும் பில்லைப் பார்த்தே எடுக்க வேண்டும், ஏஜென்ட் பேச்சைக் கேட்டு அல்ல.

யாருக்கு லாபம்?

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலை போய்விடும். 500-க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். 1000-க்கு மேல் போனால் 11 ரூபாயைத் தாண்டும்.

இரண்டு மாதத்தில் 700 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் ஏறத்தாழ 3,900 ரூபாய் வரும். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் சோலார், சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட். வீட்டில் செலவானதுபோக மிச்சம் மின்வாரியக் கம்பிக்குப் போகும். நெட் மீட்டர் போனதையும் வந்ததையும் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளும். பில் சில நூறு ரூபாயாக இறங்கிவிடும். மானியம் போகப் போட்ட பணம் நான்கைந்து ஆண்டில் திரும்பும். பேனலுக்கு வழக்கமாக 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் உண்டு.

200 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கட்டுவதே சில நூறு ரூபாய். அதை மிச்சப்படுத்தக் கடன் வாங்குவது தேவையில்லாத சுமை. கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்து, ஓராண்டு யூனிட்டைக் கூட்டிப் பாருங்கள். எத்தனை கிலோவாட் வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மானியம் உங்கள் பணம்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் உண்டு. திட்டத்தின் இணையப் போர்ட்டலில் பதிந்து, பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, சோலார் இயங்கத் தொடங்கிய பிறகு அந்தத் தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்கில் விழும். உள்நாட்டில் செய்த செல் கொண்ட பேனலாக இருந்தால்தான் மானியம் கிடைக்கும். மின் இணைப்பு காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறதா? முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். விண்ணப்பம் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எங்கே சறுக்குகிறது?

“இலவச சோலார், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்க” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது மோசடி. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

“கரண்ட் போனாலும் உங்க வீட்ல லைட் எரியும்” என்பது அடுத்த பொய். சாதாரண ஆன்கிரிட் சோலார், மின்வெட்டு வந்த நொடியே தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. பேட்டரிக்கு மானியம் இல்லை.

மூன்றாவது, காற்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தை என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பேனலைத் தாங்கும் சட்டம் துரு பிடிக்காத கால்வனைஸ் இரும்பா, கான்கிரீட்டில் உறுதியாகப் பதிந்திருக்கிறதா, போல்ட் துளை வழியே மழைநீர் கசியாதபடி அடைத்திருக்கிறார்களா என்று மாடியேறிப் பாருங்கள். எர்த்திங் தனியாக இருக்க வேண்டும்.

நான்காவது, தூசி. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் களிமண் தூசியும் சூளைப் புகையும் கண்ணாடிமேல் மெல்லிய படலமாக உட்காரும், உற்பத்தி குறையும். விடியற்காலையில் பேனல் சூடேறும் முன் மெத்தென்ற துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டால் வெள்ளைக் கறை படியும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

பேனல், இன்வெர்ட்டர் இரண்டின் நிறுவனப் பெயர், மாடல், உத்தரவாத ஆண்டு, வரி உட்பட மொத்த விலை, பணம் கட்ட வேண்டிய தவணைகள், ஐந்தாண்டுப் பராமரிப்பு. சூர்ய கர் திட்டத்தில் இந்தப் பராமரிப்பு நிறுவனத்தின் கடமை. முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். வெள்ளைத்தாள் ரசீது எதற்கும் உதவாது; ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள்.

உரிமையும் தீர்வும்

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. வேலை முடிந்த சான்றைக் கொடுத்த 15 நாளுக்குள் மீட்டர் பொருத்தி இயக்கித் தர வேண்டும்.

தாமதமானால் விண்ணப்ப எண்ணோடு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் கடலூர் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதுங்கள். அதன் முடிவில் திருப்தி இல்லாவிட்டால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பொருளிலோ வேலையிலோ குறை இருந்தால் எதிராளி, சோலார் போட்ட நிறுவனம். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கையில் பில், ஒப்பந்தம், புகார் எண் இந்த மூன்றும் இருக்கிற குடும்பத்தை யாரும் எளிதில் அலைக்கழிக்க முடியாது. பேனல் மாடிக்கு ஏறும் முன்பே அவற்றுக்கு ஒரு ஃபைல் போட்டுவிடுங்கள்.