ஒரு ஸ்டாருக்கு என்ன பதில்?

கூகுள் மேப்பில் நான்கே பேர் ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கும் கடைக்கு ஐந்தாவதாக ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டால் சராசரி 4.2க்கு இறங்கிவிடும். இருபது பேர் கொடுத்திருந்தால் அதே ஒற்றை ஸ்டாரால் 4.8க்குக் கீழே தள்ள முடியாது. இணைய வசவு புதுக்கடையைத்தான் அதிகம் கடிக்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் டிபன் கடை போட்டவருக்கும், மாடியில் கிளினிக் திறந்த பல் டாக்டருக்கும் இதே கணக்குதான்.

வருவதெல்லாம் வசவும் இல்லை. “சாம்பார் ஊசிப்போயிருந்தது” என்பது குறை. “திருட்டுப் பயல் கடை” என்பது வசவு. “ஐயாயிரம் அனுப்பு, எடுத்துவிடுகிறேன்” என்று வாட்ஸ்அப்பில் வருவது மிரட்டிப் பணம் பறித்தல். மூன்றையும் ஒன்றாக எண்ணி ஒரே கோபத்தில் பதில் எழுதுவதில்தான் பல கடைக்காரர்கள் சறுக்குகிறார்கள்.

குறைக்கு அதே இடத்தில், நாலு பேர் பார்க்கப் பதில் எழுதலாம். “செவ்வாய் இரவு கடைசி ஈடு சாம்பார் கெட்டிருந்தது உண்மை. இப்போது இரவுக்குத் தனியாக வைக்கிறோம்” என்ற இரண்டு வரி போதும். எழுதியவர் மனம் மாறாமல் போகலாம். நாளை கடை தேடி வருபவர் படிப்பார். டாக்டருக்கு அந்த வசதி இல்லை. நோயாளியின் விவரத்தை வெளியிடுவது மருத்துவ நெறிக்கு முரண் என்பதால், வந்தவர் தன் நோயாளிதான் என்றுகூடப் பொதுவில் ஒப்புக்கொள்ளாமல், நேரில் பேச அழைப்பதே முறை.

பதில் சொல்லும் உரிமை புதுச்சேரிக்குப் பழையது. 1881 ஜூலை 29ஆம் தேதிய பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தியது. பத்திரிகையில் பெயர் அடிபட்டவர் பதில் அனுப்பினால், அதே இடத்தில், அதே எழுத்தில் அச்சிட வேண்டும். கட்டுரையைப் போல் இரு மடங்கு நீளம் வரை காசு கேட்கக்கூடாது என்றது அதன் 13ஆம் பிரிவு. மேப்பில் உரிமையாளருக்குத் தரப்பட்டுள்ள பதில் கட்டம் ஏறக்குறைய அதுதான்.

போலீஸ் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் இதே ஊரில் சான்று உண்டு. அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய உள்ளூர்ச் சிறுதொழிலதிபர் ஒருவர், 2012 அக்டோபர் 30 விடியற்காலையில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். அதுவரை அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. கைதுக்குப் பிறகு அந்த வரியை நாடே படித்தது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

வெறும் வசவுக்குப் போலீஸ் உடனே வழக்குப் போடும் என்ற எதிர்பார்ப்பு ஏமாற்றத்தில் முடியும். அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் குற்றம்தான். ஆனால் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகப் போக வேண்டும். பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அதில் விலக்கு. ஆகவே ஊசிப்போன சாம்பாரை வைத்துக்கொண்டு கோர்ட் ஏற முடியாது. மிரட்டல் (351), பணம் பறித்தல் (308) வேறு ரகம். பணம் கொடுக்காமல் காவல் நிலையத்துக்கோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்துக்கோ போகலாம்.

கடைக்கே வராதவர், போட்டிக் கடைக்காரர் எழுதியதை அந்தந்தத் தளத்திடமே புகார் செய்யலாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறைதீர் அதிகாரி உண்டு. புகார் கிடைத்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். “பிடிக்கவில்லை” என்பது மட்டும் காரணமானால் எடுக்க மாட்டார்கள்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். எழுதியவர் கணக்கு, இணைய முகவரி, தேதி, நேரம் நான்கும் படத்தில் தெரிய வேண்டும். எந்த போனில் யார் எடுத்தது என்பதையும் குறித்து வைக்க வேண்டும். கோர்ட்டில் மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதானால், அவதூறு வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு.