போலீஸ் படிப்புக்கு ஆறு லட்சம் கடன்: கட்டுப்படியாகுமா?

மும்பை மாதுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு குடும்பம். தகப்பனார் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர். தோல் பட்டறையில் தொடங்கி, இப்போது லாரி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டான். "போலீஸ் வேலைக்குன்னே தனியா படிப்பு இருக்காம்ப்பா" என்று ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான். தடய அறிவியலும் குற்றவியலும் சேர்ந்த மூன்று வருஷப் பட்டப் படிப்பு. வருஷத்துக்கு இரண்டு லட்சம். பாங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து தரப்படும் என்றும் அச்சடித்திருந்தது. ஊரில் கிடக்கும் பத்து மரக்கால் விதைப்பாட்டை ஈடு வைத்துவிடலாம் என்றாள் தாயார்.

இந்தப் படிப்புக்குத் திடீர் மவுசு வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்ற விசாரணைச் சட்டப்படி, ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும். மாநிலங்கள் இதைச் செயல்படுத்த ஐந்து வருஷம் வரை அவகாசம் உண்டு. ஆகவே நிபுணர்கள் தேவைப்படுவார்கள் என்பது மெய்தான். ஆனால் தேவைப்படுவது வேறு, இந்தப் பட்டத்தைப் பார்த்ததும் வேலை கொடுப்பது வேறு.

முதலில் கடன் கணக்கு. வருஷத்துக்கு இரண்டு லட்சமாக மூன்று தவணையில் ஆறு லட்சம் வாங்குவதாகவும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று வருஷமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் கட்ட வேண்டியதில்லை என்பார்கள். கட்ட வேண்டாமே தவிர, வட்டி ஓடாமல் நிற்காது. நாலு வருஷத்தில் தனி வட்டியே 1 லட்சத்து 80 ஆயிரம். கடன் 7 லட்சத்து 80 ஆயிரமாகி நிற்கும். பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 10,300 ரூபாய். மொத்தம் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். பதினைந்து வருஷம் என்று இழுத்தால் மாதம் 8,400 போலக் குறையும். ஆனால் மொத்தம் பதினைந்து லட்சத்தைத் தாண்டிவிடும்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் முதல் வருஷம் மாதம் 1,667, இரண்டாம் வருஷம் 3,333, அதன்பின் 5,000. அப்படிக் கட்ட முடிந்தால் பிற்பாடு பத்து வருஷத் தவணை மாதம் 7,900 சொச்சம்தான் வரும். முடிகிற வீடுகளுக்கு இது நல்ல வழி. கடன் தகப்பன், மகன் இருவர் பேரிலும் இருக்கும் என்பதால், வேலை கிடைக்காவிட்டால் பாங்கிக்காரர் தேடி வருவது தகப்பனாரைத்தான்.

நிலத்தைப் பற்றிய தாயாரின் பயம் மட்டும் வேண்டாததாகவே தோன்றுகிறது. சர்க்கார் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கல்விக் கடன் தரலாம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலத்து வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டமும் உண்டு. ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் எல்லாப் படிப்புக்கும் அது கிடைக்காது. கல்லூரிக்கு 'நாக்' தரச்சான்று இருக்கிறதா, படிப்பு அந்தத் திட்டத்தில் சேருமா என்று பாங்கியில் கேட்டுக்கொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும். கல்லூரி ஆள் சொல்வதை நம்பிக் கட்டக்கூடாது.

இனி வருமானம். ரயில்வே பாதுகாப்புப் படையில் கான்ஸ்டபிள் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை கான்ஸ்டபிளுக்கும் அதேதான். ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். படிகள் தனி, பிடித்தமும் தனி. ரயில்வே பாதுகாப்புப் படை சப்-இன்ஸ்பெக்டருக்கு 35,400. அதற்குப் பட்டம் வேண்டும். எந்தப் பட்டமானாலும் சரி. வரலாறு படித்தவனும் ஆறு லட்சம் கொடுத்துக் குற்றவியல் படித்தவனும் ஒரே தேர்வைத்தான் எழுத வேண்டும். தடய அறிவியல் கூடங்களின் வேலை அறிவிப்புகளைப் புரட்டினால், வேதியியல், இயற்பியல் படித்தவர்களையும் கூப்பிடுகிறார்கள். பல பதவிகளுக்கு எம்.எஸ்ஸி. வேண்டும். மூன்று வருஷத்தோடு நின்றால் பாதி வழிதான்.

வெளிமாநிலத் தமிழருக்கு இன்னொரு சங்கடம். மகாராஷ்டிர மாநிலப் போலீஸ் எழுத்துத் தேர்வு மராத்தியில். இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். ஊரிலிருந்து எடுத்துவந்த பட்டியல் சாதிச் சான்று இந்த மாநில வேலை ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. வேறு மாநிலத்துக்குப் போனவர் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாதென்று உச்ச நீதிமன்றம் 2018-ல் கூறிவிட்டது. மத்திய சர்க்கார் வேலைகளில் அந்தத் தொல்லை இல்லை. மத்தியப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வையும் 2024 முதல் தமிழிலேயே எழுதலாம். ஆனால் அதற்கு வயது வரம்பு பொதுப் பிரிவில் 23தான். பிற்பட்டோருக்கு மூன்று வருஷமும் பட்டியல் இனத்தவருக்கு ஐந்து வருஷமும் தளர்வு உண்டு. பட்டம் வாங்கும் வரை பொறுத்திருப்பவனுக்கு அந்த வருஷங்கள் கரைந்துவிடும்.

குற்றவியல் படிக்கும் ஆசை உள்ளவர் ஆசையை விட வேண்டியதில்லை. சாதாரணக் கட்டணத்தில் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதி முதுநிலை டிப்ளமாவை அஞ்சல்வழியில் படிக்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே படிப்பது கடன் வாங்கிப் படிப்பதைப் போல் ஆகாது.

லேபர் கேம்ப் தகப்பனார் லாரி ரசீதின் பின்புறத்தில் இந்தக் கணக்கைப் போட்டு, இரவுச் சாப்பாட்டின்போது மகனிடம் கொடுத்தார். இரண்டு நாள் பையன் பேசவில்லை. மூன்றாம் நாள் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. வேதியியலுக்கு மனுப் போட்டான். கான்ஸ்டபிள் தேர்வுக்கும் எழுதப்போகிறானாம். ரயில்வே பாதுகாப்புப் படையில் 1,600 மீட்டரை 5 நிமிஷம் 45 விநாடியில் ஓட வேண்டும். காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போகிறான். இப்போதைக்கு ஏழு நிமிஷம் ஆகிறது.