மூலநூலும் தொடர்நூலும்

ஒரு பெருநூல் முடிந்தவிடத்தே கற்பார் உள்ளம் முடிந்துவிடுவதில்லை. ஆசிரியர் எழுதுகோலைக் கீழே வைத்த பின்னரும் கதைமாந்தர் நம்முடன் வாழ்கின்றனர். அவர்தம் பிற்கால வாழ்வை அறிய நாம் அவாவுகின்றோம். இவ்வவாவினின்றே தொடர்நூல் பிறக்கின்றது.

இஃது இன்று தோன்றிய வழக்கமன்று. ஹோமரின் காவியத்தில் துணைமாந்தருள் ஒருவனாய் வரும் ஈனியாஸ் என்பானைத் தலைவனாக்கி விர்ஜில் ஒரு காவியம் இயற்றினார். நம் நாட்டிலும், இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் பாடிய கோவலன் மாதவி இருவர்க்கும் பிறந்த மகளின் துறவு வாழ்வைச் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையாகப் பாடினார். முன்னையது சமணச் சார்பினது. பின்னையது பௌத்தம் பேசுவது. எனினும் தமிழுலகம் அவற்றை இரட்டைக் காப்பியங்கள் என்றே போற்றுகின்றது. சிலம்பை 1892-லும் மணிமேகலையை 1898-லும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் பெயரால் 1943-ல் அடையாற்றில் நிறுவப்பெற்ற நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் உள்ளது.

அண்மைக் காலத்திற் சிறந்த சான்று கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் அது வெளிவந்தது. அருள்மொழிவர்மன் மணிமுடியை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்ததோடு கதை நின்றது. அவன் இராசராசனாக அரியணை ஏறியதோ 985-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்தன யாவை? ஆதித்த கரிகாலனைக் கொன்றார் யார்? உடையார்குடிக் கல்வெட்டுச் சோமன், இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் எனக் கூறுகின்றது; ஆயினும் அவர்க்குப் பின்னின்றார் எவரேனும் உளரோ என்பது ஆராய்ச்சிக்குரியதாயிற்று. நீலகண்ட சாஸ்திரியார் உத்தமன்மீது ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார்.

வாசகர் எழுப்பிய வினாக்களுக்குக் கல்கி நூலின் முடிவுரையில் விடை கூறினார். எனினும் கதையைத் தொடரவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் முடிக்காது விட்ட 'அமரதாரா'வை அவர்தம் மகள் ஆனந்தி, தந்தையின் குறிப்புகளைக்கொண்டு நிறைவுசெய்தார். சோழர் கதைக்கோ அத்தகைய வழியும் இல்லை.

அவ்வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவருள் முதலில் நினைக்கத்தக்கவர், மேற்கு மாம்பலத்தில் வாழ்ந்தவரும் 'அமுதசுரபி'யின் ஆசிரியராய் நெடுங்காலம் விளங்கியவருமான விக்கிரமன் (1928–2015). அவர் எழுதிய தொடர்ச்சி 'நந்திபுரத்து நாயகி'. நந்திபுரம் என்பது பழையாறைக்குரிய மற்றொரு பெயராதலின், தலைப்பே குந்தவையை நினைப்பூட்டுகின்றது. பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். மயிலாப்பூர்வாசியான பாலகுமாரனோ, தொடர்ச்சி என்னாது தனிநூலாகவே, இராசராசன் தஞ்சைப் பெருங்கோயில் எடுத்த வரலாற்றை 'உடையார்' என்னும் பெயரில் ஆறு பாகங்களில் வரைந்தார்.

வார இதழ்த் தாள்களைத் திரட்டி, மணியத்தின் சித்திரங்களோடு தைத்துக் கட்டிய தொகுதிகளை மயிலையிலும் தியாகராய நகரிலும் பல இல்லங்கள் பேணிவந்த காலம் ஒன்றுண்டு. கோடை விடுமுறையில் அவை கைமாறிக் கைமாறி வீடெங்கும் உலவும். ஐந்தாம் பாகம் முடித்தவர் தொடர்நூலைத் தேடுவர். இது கல்கிக்கு ஈடாமோ என்று உணவு வேளையிலும் வழக்காடுவர். அவ்வழக்கின் இனிமையை இன்று நினைந்து ஏங்குவார் பலர். தாம் வாசித்த நூலின்பால் மட்டுமன்றி, உடன் வாசித்தாரின்பாலும் அவர் ஏங்குகின்றனர்.

தொடர்நூல் மூலத்துக்கு ஒப்பாவது எப்போது? மூலத்தின் நடையை அப்படியே போலச்செய்யும் நூல் விரைவில் மறக்கப்படும். மூலம் விடுத்த வினாவைத் தன் வினாவாக ஏற்று, மாந்தர்தம் இயல்பு பிறழாமல் புதிய பொருள் காணும் நூலே நிற்கும். மணிமேகலை நின்றது இதனாலன்றோ! 2022, 2023-ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களால் கல்கியின் கதையை இளைஞர் பலர் புதிதாய் அறிந்தனர். அவர்க்கும் அதே வினாக்கள் எழுதல் இயல்பே. அவர் மூலத்தோடு நில்லாது, அதன்மேற் கொண்ட அன்பினாற் பிறந்த நூல்களையும் எடுத்து வாசித்து, ஒத்தும் மறுத்தும் வழக்காடுவாராக. அவ்வாறு வழக்காட ஆளில்லையெனின், நூல்கள் அலமாரியில் இருந்தும் இல்லாதனவே ஆம்.